அகலத்திரை டியூப் டிவியைத் தூக்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

நேற்று காலையில் ஒரு போன். "அண்ணே, டிவி ஆன் பண்ணா உடனே ஆஃப் ஆகுது, சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. பின்னாடி டியூபோட கழுத்துல, அதான் நெக்குல, லேசா ஒரு கீறல் தெரியுது. டியூபை மட்டும் மாத்திக் கொடுக்க முடியுமா?" எப்படி விழுந்தது என்று கேட்டேன். விழவே இல்லையாம், இறக்கும்போது "கொஞ்சம் சாஞ்சிடுச்சு". தோண்டித் துருவிக் கேட்டதில் முழுக்கதையும் வந்தது. 34 அங்குல அகலத்திரை செட், இரண்டு பேர், குறுகலான படிக்கட்டு. கீழ்ப்படியில் நின்ற தம்பிக்கு இப்போது பாதத்தில் மாவுக்கட்டு. அவர் முதலில் கேட்டது டியூபைப் பற்றி, தம்பியைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

டியூப் போய்விட்டது, மாற்ற முடியாது. நெக் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தாலே உள்ளே காற்று போய்விடும், அதற்கப்புறம் அது வெறும் கண்ணாடிப் பானைதான். அந்த அளவில் அகலத்திரை டியூபை இன்று யாரும் தயாரிப்பதும் இல்லை. தம்பியின் கால் ஆறிவிடும் என்பது ஒன்றுதான் நல்ல செய்தி. இதே கதையை வேறு வேறு குரல்களில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். போனில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கத்தி அலுத்துப்போய்தான் இங்கே எழுதுகிறேன்.

டியூப் டிவியைத் தூக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு முடிவோடு வருகிறார்கள்: பின்பக்கம்தானே பெரிதாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது, கனமும் அங்கேதான் இருக்கும். இல்லை. இல்லவே இல்லை. பின்னால் இருப்பது மெல்லிய கண்ணாடிப் புனல், செம்புக் கம்பி சுற்றிய யோக், ஒரு போர்டு, பிளாஸ்டிக் மூடி, மிச்சமெல்லாம் காலி இடம். கனம் முழுக்க முன்னால் நீங்கள் பார்க்கிற திரையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுக் காட்டினால் நம்புவீர்கள். டியூபுக்குள்ளே வெற்றிடம், வெளியே வாயுமண்டலம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். 34 அங்குல அகலத்திரை என்றால் சுமார் 75 சென்டிமீட்டர் அகலம், 42 சென்டிமீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள், 3 டன்னைத் தாண்டும். இரவும் பகலும், நீங்கள் டிவி பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், 3 டன் அந்தக் கண்ணாடியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. முட்டை ஓடு போல வளைந்திருந்தால் ஓரளவு தடிமனிலேயே இதைத் தாங்கிவிடலாம், பழைய சிறிய டிவிகளின் திரை உப்பலாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தட்டையாகவும் வேண்டும், அகலமாகவும் வேண்டும் என்று கேட்டோம், அவர்களும் கண்ணாடியைத் தடியாக்கிக் கொடுத்தார்கள். சோனி 2004-இல் கொண்டுவந்த 34எக்ஸ்பிஆர்960 என்ற 34 அங்குல மாடல் கிட்டத்தட்ட 90 கிலோ. இன்றைய 32 அங்குல எல்சிடி 10 கிலோ கூட வராது, அதைத் தூக்கிப் பழகிய கைதான் இதையும் தூக்கப் போகிறது. ஆழத்தைக் குறைத்து 'ஸ்லிம்' என்று விற்ற டியூப் டிவிகளும் வந்தன. அவற்றில் பின்பக்கம்தான் சுருங்கியது, முன்கண்ணாடி அதே கண்ணாடிதான். மெலிந்திருக்கிறதே, லேசாக இருக்கும் என்று எண்ணி ஒரே ஆளாய்த் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதிலே அகலம் ஒரு தனிச் சனியன். கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும் பழைய 4:3 திரை செட்டை ஒருத்தர் திரையை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கையையும் சுற்றிப் போட்டு எப்படியாவது தூக்கிவிடுவார். அகலத்திரை செட் ஒரு மீட்டர் அகலம் வரும், கை எட்டாது. எட்டாத கை பின்மூடியைப் பிடிக்கும். அந்த பிளாஸ்டிக் வருடக்கணக்காகச் சூடுபட்டு மொறுமொறுவென்று ஆகியிருக்கும். திருகோடு பிய்ந்து வரும். அல்லது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாய் நின்று, சரியாக நடுவில் கை கொடுத்துத் தூக்குவார்கள். நடுவென்று அவர்கள் நினைக்கிற இடத்துக்கு முன்னால் இருக்கிறது கனம், அதனால் தரையை விட்டுக் கிளம்பியதுமே செட் திரைப்பக்கமாய்க் குப்புறச் சரியும். பதறி ஒருவர் விடுவார். மற்றவர் பாதம்.

ஆகவே, தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் கை திரையின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பை ஒட்டி இருக்கட்டும். பெரிய செட்டுக்கு இரண்டு பேர் தூக்க, மூன்றாவது ஆள் வழி பார்க்கவும் கதவைப் பிடிக்கவும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். போகிற வழியை முன்னாடியே நடந்து பாருங்கள், இன்ச் டேப் வைத்துக் கதவை அளந்துகொள்ளுங்கள். நடுப்படியில் நின்றுகொண்டு "இது உள்ளே போகுமா?" என்று கேட்காதீர்கள். படிக்கட்டு இருந்தால் தள்ளுவண்டி கட்டாயம், திரை வண்டியின் முதுகைப் பார்த்து இருக்க வேண்டும், நடுவே கெட்டிப் போர்வை, மேலே பெல்ட். காரில் வைத்தால் நிமிர்த்தி, திரை சீட்டின் முதுகில் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். மல்லாக்க மட்டும் படுக்க வைக்காதீர்கள், முழுக்கனமும் பின்மூடி மேல் இறங்கி நெக் போர்டை நசுக்கும். அப்படி வந்த செட்டுகளைத் திறந்து பார்ப்பது பெரிய துக்கம்.

தூக்குவதை விட என் தூக்கத்தைக் கெடுப்பது வைக்கும் இடம். எல்சிடிக்காகச் செய்த லேசான பலகை மேசையில் இதை ஏற்றிவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் பலகை நடுவில் தொங்குகிறது. அதைவிட மோசம் துணி அடுக்குகிற டிராயர் மேசை. உயரம் சரியாக இருக்கிறதாம். குழந்தை கீழ் டிராயரை இழுக்கும், அதிலே ஏறி நிற்கும். மேசையின் மேலே முன்விளிம்பில் கனத்தை வைத்துக்கொண்டு ஒரு பெட்டி காத்திருக்கிறது. இதற்கு மேல் விவரிக்க எனக்கு மனமில்லை. தயவுசெய்து, கை கூப்பிக் கேட்கிறேன், குழந்தை இருக்கிற வீட்டில் இந்த செட்டைத் தாழ்வான, அகலமான, கெட்டியான மேடையில் வையுங்கள், பட்டை போட்டுச் சுவரோடு கட்டுங்கள். ரிமோட்டையோ பொம்மையையோ அதன் தலையில் வைக்காதீர்கள், எடுக்க ஏறத்தான் செய்வார்கள்.

அடுத்து, பின்மூடியைக் கழற்றுகிறவர்கள். "பிளக்கைப் பிடுங்கிட்டேன் சார், ஒரு நாள் ஆச்சு, இனிமே என்ன கரண்ட்?" பெரிய கலர் டியூபின் ஆனோடுக்கு, அதாவது உயர் மின்னழுத்தம் உள்ளே நுழைகிற முனைக்கு, போவது 25,000, 30,000 வோல்ட். டியூபே கரண்டைச் சேர்த்துவைக்கிற ஒரு கண்டன்சர்: உள்ளே ஒரு பூச்சு, வெளியே கரிப்பூச்சு, நடுவில் கண்ணாடி. பிளக்கைப் பிடுங்கினால் வருவதுதான் நிற்கும், ஏற்கெனவே ஏறியிருப்பது நாள்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஒருமுறை இறக்கிவிட்டாலும் சற்று நேரத்தில் கொஞ்சம் மீண்டும் ஊறும். அதோடு மின்சப்ளை பக்கத்துப் பெரிய கண்டன்சர் வேறு இருக்கிறது, 230 வோல்ட் லைனில் ஓடும் செட்டில் அதன்மேல் 325 வோல்ட் வரை நிற்கும். ஆனோடைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள், நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் என்னைத் தூக்கிப் போட்டது இதுதான். ஷாக்கை விட ஷாக்கில் உதறுகிற கைதான் வம்பு, அது போய் நெக்கில் அடிக்கும், அல்லது கூரான ஹீட்சிங்கில் கிழியும். தேங்கிய கரண்டை இறக்க ஸ்க்ரூட்ரைவரை எப்படிச் செருகுவது என்று நான் இங்கே சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. தூசி தட்டுவதற்காகவா இதைத் திறக்கிறீர்கள்? வெளியிலிருந்தே காற்றோட்டத் துளைகளைத் துடையுங்கள், போதும்.

சரி, பயமுறுத்தியது போதும். கெடாத செட்டுக்காக வருகிற போன்களையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் காசும் என் நேரமும் மிஞ்சும்.

இடம் மாற்றிய மறுநாள் "மூலையில் பச்சையா, ஊதாவா ஒரு கறை" என்பார்கள். டியூப் போகவில்லை. பூமியின் காந்தப்புலத்துக்கு எதிரே செட் திசை மாறியிருக்கிறது, அல்லது பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்கள். ஸ்பீக்கரைத் தள்ளிவையுங்கள். செட்டை அணைத்து அரை மணி நேரம் விட்டுப் போடுங்கள், ஆன் ஆகும்போது 'டம்' என்று கேட்கிறதே, அதுதான் கறையை எடுக்கிற டிகாஸிங் காயில். அது ஆறாமல் மறுபடி வேலை செய்யாது, ஆகவே பத்து தடவை ஆன்-ஆஃப் பண்ணிப் பயனில்லை. படம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தால் மெனுவில் ரொட்டேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். அகலம் கூடக்கூட இந்தச் சாய்வு கண்ணில் அதிகம் உறுத்தும்.

சோனியின் டிரினிட்ரான் வகை டியூப் வைத்திருப்பவர்கள் திரையில் மெல்லிசாய் இரண்டு கிடைக்கோடு தெரிகிறது என்று புலம்புவார்கள். அது கீறல் இல்லை. உள்ளே செங்குத்தாக இழுத்துக் கட்டிய கம்பிவலை அதிராமல் இருக்க இரண்டு மெல்லிய கம்பிகளைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், அவற்றின் நிழல். டியூப் செய்தபோதே இருப்பது. பார்க்காமல் பழகிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

அப்புறம் இந்த சர்வீஸ் மெனு, மெக்கானிக்குகளுக்காகச் செட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் மெனு. எங்கோ படித்த பட்டன் வரிசையை அழுத்தி உள்ளே நுழைந்து, ஓரத்துக் கோடு வளைந்திருப்பதை நேராக்கப் போகிறேன் என்று இருக்கிற எண்களையெல்லாம் கலைத்துவிட்டு, பழைய மதிப்பு என்னவென்று கேட்டால் திருதிரு என்று விழிப்பார்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் எழுதிவையுங்கள், போட்டோவாவது எடுங்கள். அகலத்திரை டியூபில் மூலைகள் அச்சுப் பிசகாமல் நேராக வராது. ஒளிக்கற்றை நடுவை விட ஓரத்துக்கு நெடுந்தூரம், அதுவும் சரிவாகப் போகவேண்டியிருக்கிறது, தட்டைக் கண்ணாடியில் அது இன்னும் கூடுதல். கொஞ்சம் கோணல் இருக்கத்தான் செய்யும்.

பழைய வீடியோ கேமுக்காக இந்த செட்டைத் தேடி அலைகிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய கேம் எல்லாம் 4:3. 34 அங்குல அகலத்திரையில் அதை அதன் வடிவத்தில் வைத்தால் கிடைப்பது 28 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த படம், இரு பக்கமும் கறுப்புப் பட்டை. 90 கிலோவைத் தூக்கி வந்து 28 அங்குலம் பார்க்கிறீர்கள். ஹெச்டி அகலத்திரை செட் பழைய சிக்னலை நேராக வரைவதும் இல்லை, உள்ளே டிஜிட்டலாக மாற்றி வரைகிறது, அதனால் பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையே சிறு தாமதம். திரையைப் பார்த்துச் சுடுகிற துப்பாக்கி கேம்கள் அதில் வேலையே செய்யாது. உங்களுக்கு வேண்டியது சாதாரண 4:3 செட், பாதி எடைகூட இருக்காது. 1080i ஹெச்டி படம் பார்க்கவும் டிவிடி பார்க்கவும் என்றால் மட்டும் அகலத்திரை. அதில் வருகிற கறுப்பும் அசைவும், அடடா, இன்னும் எனக்கு அலுக்கவில்லை. கறுப்புப் பட்டையோடேயே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள், திரைக்குள் ஒளிர்கிற பாஸ்பர் பூச்சு நடுப்பகுதியில் மட்டும் தேய்ந்து, பிறகு முழுப்படம் போடும்போது இரு ஓரமும் தனியாக வெளிச்சமாய்த் தெரியும். கடையில் வைத்த 'விவிட்' மோடிலிருந்து கான்ட்ராஸ்டை இறக்குங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் மின்கழிவு எடுக்கிற இடத்தில் முழுசாகக் கொடுங்கள். செம்புக் கம்பிக்காக யோக்கைப் பிய்த்து டியூபை உடைக்கிற வேலை வேண்டாம், புனல் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

நேற்றுப் பேசியவர் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன், பரவாயில்லை என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, இன்னொரு 34 அங்குலம் பார்த்து வைத்திருக்கிறாராம், நல்ல கண்டிஷனாம்.

"எத்தனை பேர் போறீங்க?"

"ரெண்டு பேர்தான் அண்ணே. ஆனா இந்தத் தடவை கயிறு எடுத்துட்டுப் போறோம்."