லாங் ஃப்ளைட்ல கால் வீங்குதா? கெண்டைக்காலுக்கு வேலை குடுங்க

ஃப்ளைட் இறங்குற நேரத்துல ஷூக்குள்ள காலே நுழைய மாட்டேங்குது, கணுக்கால் எலும்பே தெரியல, இது ஏதாவது பெரிய பிரச்சனையான்னு கேட்டுட்டு பிசியோதெரபிக்கு வர்றவங்க நிறைய. ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, வலி இல்லாம, ஒண்ணு ரெண்டு நாள்ல தானா வடிஞ்சிடுச்சுன்னா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. எட்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தா யாருக்கும் வீங்கத்தான் செய்யும்.

இதயம் ரத்தத்தை கீழ தள்ளிடும், ஆனா பாதத்துல இருந்து அது திரும்ப மேல ஏறணும்னா கெண்டைக்கால் சதை சுருங்கி உள்ள இருக்குற ரத்தக்குழாயை பிழிஞ்சு விடணும், அதனாலதான் அதை ரெண்டாவது இதயம்னே சொல்றோம். முட்டியை மடக்கி அசையாம உட்கார்ந்தா அந்த பம்ப் ஆஃப் ஆயிடுது, போதாததுக்கு சீட்டோட விளிம்பு வேற முட்டிக்குப் பின்னாடி அழுத்தும், ரத்தம் கீழயே தேங்கி, அதுல இருந்து நீர் கசிஞ்சு சதையில இறங்குறதுதான் அந்த வீக்கம். சில பேருக்கு தேங்குன ரத்தம் உறைஞ்சு கட்டியாகும், அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து.

எல்லாரும் ஃப்ளைட்டை திட்டுறாங்க, ஆனா 1940ல லண்டன்ல குண்டு போட்டப்போ பதுங்குமிடங்கள்ல ராத்திரி முழுக்க சாய்வு நாற்காலியில உட்கார்ந்தே தூங்குனவங்க சில பேர் இதே மாதிரி நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சு இறந்துபோனதை கீத் சிம்ப்சன்ங்கிற டாக்டர் அப்பவே எழுதி வச்சிருக்கார். அங்க ஏது ஃப்ளைட்டு? அசையாம உட்கார்றதுதான் முக்கியமான வில்லன், அதனால பஸ், ரயில், கார்னு எதுல நாலு மணி நேரத்துக்கு மேல போனாலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2007ல சொன்ன கணக்குப்படி அப்படிப் போனா ரத்தக்கட்டி ஆபத்து சுமார் ரெண்டு மடங்கு ஆகுது, ஆனா மொத்தமா பார்த்தா ஆறாயிரத்துல ஒருத்தருக்குத்தான், ரொம்ப பயந்துக்காதீங்க.

சும்மா கால் விரலை ஆட்டுறது போதாதுங்க. குதிகாலை ஊனி முன்பாதத்தை நல்லா மேல தூக்கி ரெண்டு மூணு செகண்ட் புடிங்க, அப்புறம் முன்பாதத்தை தரையில அழுத்தி குதிகாலை தூக்குங்க, கெண்டைச்சதையில கை வச்சு பார்த்தா அது கல்லு மாதிரி இறுகணும், இறுகலைன்னா பம்ப் சரியா ஓடலைன்னு அர்த்தம். இருபது தடவை, அரை மணிக்கு ஒருக்கா. இடைவழி சீட் கிடைச்சா வாங்கிடுங்க, ஜன்னலோரம் உட்கார்ந்தவங்க பக்கத்துல தூங்குறவரை எழுப்ப கூச்சப்பட்டுக்கிட்டே கடைசி வரை எந்திரிக்கவே மாட்டாங்க. கால் வைக்கிற இடத்துல பையை அடைச்சு வைக்காம மேல போடுங்க. தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரே பொசிஷன்ல மணிக்கணக்கா கெடப்பீங்க, மதுவும் அப்படித்தான். தண்ணி குடிங்க, கேபின் காத்து ரொம்ப வறண்டு இருக்கும், அதோட பாத்ரூமுக்காகவாவது எந்திரிச்சு நடப்பீங்க.

கம்ப்ரஷன் சாக்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ், நல்ல விஷயம், முட்டிக்கு கீழ வரைக்கும் வர்றது போதும், ஆனா கணுக்காலும் கெண்டைக்காலும் அளந்துதான் வாங்கணும், காலைல கால் வீங்குறதுக்கு முன்னாடியே மாட்டணும். மேல் விளிம்பு சுருண்டா கயிறு கட்டுன மாதிரி ரத்தத்தை நிறுத்திடும், அதுக்கு போடாமலே இருக்கலாம். சுகர்னால பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்க, காலுக்கு ரத்த ஓட்டம் கம்மியா இருக்கவங்க டாக்டரை கேக்காம போடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு ஆஸ்பிரின் போட்டுக்கிட்டு ஏறுறதும் வேண்டாம்.

சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பிணிங்க, பிரசவம் ஆகி கொஞ்ச வாரமே ஆனவங்க, கருத்தடை மாத்திரை எடுக்குறவங்க, கேன்சர் சிகிச்சையில இருக்கவங்க, ஏற்கனவே ரத்தக்கட்டி வந்தவங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க.

ஒரு கால் மட்டும் வீங்குது, கெண்டைக்கால் வலிக்குது, தொட்டா சூடா இருக்கு, தோல் நிறம் மாறுதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, அந்தக் காலை மசாஜ் பண்ணவோ உருவி விடவோ கூடாது, சதைப்பிடிப்புன்னு நினைச்சு நல்லா தேய்ச்சுட்டுத்தான் எங்ககிட்டயே வர்றாங்க. திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா ஆம்புலன்ஸை கூப்பிடுங்க. இதெல்லாம் இறங்கி சில வாரம் கழிச்சும் வரலாம், அப்போ பயணத்தையே மறந்திருப்பீங்க, அதனால டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே ஃப்ளைட்ல போயிட்டு வந்ததை சொல்லிடுங்க.