கடைமடை கேட்டால் மேல்மதகு திறக்கும்: மூளையின் இரத்தப் பங்கீடு

மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிக்கப்பட்ட பிறகும், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை வயலுக்கு அது வந்து சேர்வது தலைப்பில் விடும் அளவை மட்டும் பொறுத்ததல்ல. நடுவில் எந்த மதகு பழுதாகியிருக்கிறது, எந்த வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. மூளையின் இரத்த ஓட்டத்துக்கும் இது பொருந்தும், ஒரு முக்கியமான வேறுபாட்டுடன். டெல்டாவில் மேலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மூளையிலோ கடைமடை கேட்கும்போதுதான் மேல்மதகு கூடுதலாகத் திறக்கிறது. அல்சைமர் நோயில் நினைவு குலைவதற்கு முன்பே பழுதாகத் தொடங்குபவற்றுள் இந்தக் கேட்டுப் பெறும் ஏற்பாடும் ஒன்று.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இத்தனை செலவு செய்யும் உறுப்பிடம் சொல்லிக்கொள்ளும்படியான சேமிப்பு எதுவும் கிடையாது. இரத்தம் முழுவதுமாக நின்றுபோனால் பத்து நொடி அளவிலேயே நினைவு தப்பிவிடும். அதனால்தான் உடலின் இரத்த அழுத்தம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் மூளையின் நாளங்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்கின்றன.

இதற்கு மேல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும் இரத்தம் கூடுகிறது என்று சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும் 1890இலேயே எழுதினார்கள். நரம்புச் செல் துடிப்பாக இயங்கும்போது அதிலிருந்து வெளியேறும் பொட்டாசியத்தை அருகிலுள்ள தந்துகி என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் உணர்கின்றன. அந்த உணர்வு ஒரு மின் சைகையாக மாறி, சுவர்ச் செல்லிலிருந்து சுவர்ச் செல்லுக்குத் தாவி, இரத்தம் வரும் திசைக்கு எதிராக மேலேறி, நுண்தமனியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. நரம்புச் செல்களும் அவற்றுக்குத் துணையான அஸ்ட்ரோசைட்டுகளும் வெளிவிடும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற வேதிப்பொருள்களும் இதற்குக் கைகொடுக்கின்றன. ஓரிரு நொடிகளுக்குள் ஓட்டம் கூடிவிடுகிறது. மூளை இயங்குவதைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. முறை உண்மையில் காட்டுவது நரம்புச் செல்களின் வேலையை அல்ல, அந்த வேலையைத் தொடர்ந்து வரும் இந்த இரத்தத்தைத்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நோய் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று தந்துகி. சிவப்பணுவே உடலை மடக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டிய அளவுக்கு அது குறுகலானது. அதன் மேல் ஆங்காங்கே பெரிசைட் என்னும் செல்கள் கவ்விக்கொண்டிருக்கின்றன. அல்சைமர் நோயில் சேரும் அமைலாய்டு பீட்டா என்ற புரதம், எண்டோதீலின் என்ற வேதிப்பொருளின் வழியாக இந்தப் பெரிசைட்டுகளை இறுகச் செய்கிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2019இல் மனித மூளைத் திசுவிலேயே காட்டினார்கள். குழாயின் ஓட்டம் அதன் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. எனவே ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதே ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அல்சைமர் நோய்க்கு மாதிரியாக வளர்த்த எலிகளின் தந்துகிகளில் 2 சதவீதத்துக்கும் குறைவானவற்றில் வெள்ளணுக்கள் சிக்கி நிற்பதைக் கண்டார்கள். அவை ஒட்டாமல் தடுத்ததும் மூளையின் ஓட்டம் கூடியது, சில மணி நேரத்திலேயே எலிகளின் நினைவாற்றல் தேறியது. எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆயினும் இறந்துபோன செல்லால் அத்தனை விரைவில் திரும்பி வர முடியாது. ஆகவே அந்த மறதியில் ஒரு பகுதி, உயிருடன் இருந்தும் பட்டினி கிடந்த செல்களுடையது என்றே நான் கருதுகிறேன்.

பார்க்கின்சன் நோயில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே இரத்த அழுத்தம் போன்றவற்றைத் தாமாகவே கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளே நலிவதால், எழுந்து நிற்கும்போது காலுக்கு இறங்கும் இரத்தத்தை ஈடுகட்ட உடலால் முடிவதில்லை. மதியம் வயிறு நிறையச் சோறு உண்ட பிறகு குடலுக்கு இரத்தம் திரும்புவதும், சித்திரை வெயிலில் தோலின் நாளங்கள் விரிவதும் சேர்ந்துகொண்டால் அழுத்தம் இன்னும் சரியும். திண்ணையை விட்டு எழுந்த பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு "கிறுகிறுன்னு வருது" என்றால், நம் வீடுகளில் பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாறு கொடுப்பது வழக்கம். அவரைக் காப்பாற்றுவது அந்தச் சாறு அல்ல, உடனே உட்காரவைப்பதுதான்.

இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மூளைக்கும் நல்லது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140க்குக் கீழே வைக்க முயன்றவர்களைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவாக இருந்தது. முழுமையான மறதி நோய் குறைந்ததாக அதில் உறுதிப்படவில்லை. ஆனால் எழுந்ததும் தலைசுற்றும் முதியவருக்கு உட்காரவைத்து எடுத்த ஓர் அளவு போதாது. படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுமுறையும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கியிருந்தால், அழுத்த மாத்திரையின் அளவையும் அதைச் சாப்பிடும் நேரத்தையும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.