மாற்று முதலீடு: எதற்கு மாற்று?

மாற்றுப்பாதை, மாற்று உடை, மாற்று ஆட்டக்காரர். இவற்றிலெல்லாம் ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை வைக்கிறோம். 'மாற்று முதலீடு' என்பதையும் அப்படியே படிப்பவர்கள் நிறைய. பங்குகளையும் கடன்பத்திரங்களையும் விற்றுவிட்டு இதற்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். கைப்பணம் சம்பந்தப்பட்ட சொல் என்பதால் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது.

ஆங்கிலத்தில் இது 'ஆல்டர்நேட்டிவ் இன்வெஸ்ட்மென்ட்'. முதற்சொல்லின் வேர், லத்தீன் 'ஆல்டெர்': இரண்டில் மற்றது என்று பொருள். பங்கு, கடன்பத்திரம், ரொக்கம் என்ற வழக்கமான மூன்றிலும் சேராத மற்றவையே மாற்று முதலீடுகள். நிலம், கட்டடம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்கு, ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டிப் பலவகை உத்திகளில் போடும் நிதியம்), கச்சா எண்ணெய் போன்ற பண்டங்கள், ஓவியங்கள் எல்லாம் இதில் அடங்கும். பொருளை மட்டும் பார்த்தால் 'பிறவகை முதலீடு' என்பதே பொருத்தம். ஆனால் 'மாற்று' வழக்கில் ஊன்றிவிட்டது. இனி அதைப் பிடுங்க வேண்டியதில்லை. 'பதிலாக' என்று படிக்காமல் 'கூடவே' என்று படித்தால் போதும்.

'இன்வெஸ்ட்' என்பதன் வேரில் இருப்பது 'வெஸ்டிஸ்', அதாவது ஆடை. பணத்துக்கு வேறோர் உடை உடுத்துவது! நம்முடைய 'முதலீடு' நேரடியானது. கெடு 'கேடு' ஆவதுபோல இடு 'ஈடு' ஆகிறது. முதலை இடுவது முதலீடு.

இந்த முதலீடுகளைப் பேசும்போதெல்லாம் கூடவே வரும் சொல் 'டைவர்சிஃபிகேஷன்', அதாவது பணத்தை ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போடுவது. இதைச் சிலர் 'பரவலாக்கம்' என்றும் சிலர் 'பன்முகப்படுத்தல்' என்றும் எழுதுகிறார்கள். என் தேர்வு இரண்டாவது. 'டைவர்சஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வெவ்வேறு திசையில் திரும்பியது என்று பொருள். 'பன்முகம்' அதை அப்படியே பிடிக்கிறது. ஒரே துறையில் 20 நிறுவனப் பங்குகளை வாங்குவது பரவல்தான், பன்முகம் ஆகாது. அத்துறை சரிந்தால் இருபதும் சேர்ந்தே சரியும்.

1952-இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் கணக்காகக் காட்டியது இதைத்தான். தலா 20 சதவீத ஏற்ற இறக்கம் உள்ள இரண்டு முதலீடுகளில் பாதிப் பாதி போடுகிறோம் என்று கொள்வோம். இரண்டும் அச்சுப் பிசகாமல் சேர்ந்தே நகர்ந்தால், இரண்டும் சேர்ந்த தொகுப்பின் ஏற்ற இறக்கமும் 20தான். ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லையென்றால் அது சுமார் 14 ஆகிவிடும். மாற்று முதலீட்டைத் தொகுப்பில் சேர்ப்பதற்கு முதன்மைக் காரணமே இந்த ஒட்டாத்தன்மை. அதிக லாபம் வரும் என்பதற்காக மட்டும் சேர்ப்பவர்கள் பாதிப் பயனைத் தவறவிடுகிறார்கள்.

ஆனால் ஒட்டுறவு எப்போதும் ஒரே அளவில் நிற்காது. 2008 நெருக்கடியில் பண்டங்களும் கட்டட முதலீடுகளும் பங்குகளோடு சேர்ந்தே விழுந்தன. ஹெட்ஜ் ஃபண்டுகள் பல, பணத்தைத் திரும்ப எடுப்பதற்கே தடை போட்டன. இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டடத்துக்குத் தினமும் யாரும் விலை கேட்பதில்லை, ஆண்டுக்கு ஓரிரு முறைதான் மதிப்பிடுகிறார்கள். அதனால் அதன் விலை ஆடாமல் நிற்பதுபோல் தாளில் தெரிகிறது.

பட்டியலிடப்படாத நிறுவனங்களில் பணம் போடும் தனியார் பங்கு நிதியங்களில் நம் பணம் பெரும்பாலும் 10 ஆண்டுவரை முடங்கிவிடும். இதை 'நீர்மைத்தன்மை குறைவு' என்று எழுதுவது நிதித்தமிழ் வழக்கம். 'லிக்விடிட்டி'க்கு நேர்சொல்தான், பிழையில்லை. ஆனாலும் பொதுவாசகருக்கு எழுதும்போது 'நினைத்த நேரத்தில் காசாக்க முடியாது' என்றே எழுதுங்கள்.