லிவரை மாற்றும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

"அண்ணே, ஒரிஜினல் சன்வா லிவர் போட்டுக் கொடுங்க, லேக் போயிடும்."

ஆர்கேட் ஸ்டிக்கை, அதாவது கேம் கடை பாணியில் லிவரும் பட்டனும் வைத்த பெட்டியை, பழுதுபார்க்கத் தூக்கி வருகிறவர்கள் மேசையில் வைத்ததும் சொல்வது இதுதான். லேக் என்றால் கை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம். பெங்களூரின் எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைத்தெருவில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு லிவர் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்த வாரம் வந்த பெட்டியில் இருந்தது மூன்றாவது லிவர். லிவரையும் பட்டன்களையும் கணினியோடு இணைக்கும் போர்டு மட்டும் முதல் நாள் மாட்டியது. வீட்டு டிவி கேம் மோடில் (படத்தை மெருகேற்றாமல் உடனே காட்டும் அமைப்பு) இருக்கிறதா என்று கேட்டால், "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று பதில் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

லிவர் என்பது நான்கு சுவிட்ச். ஜப்பானின் சன்வா ஜே.எல்.எஃப். ஆகட்டும், சைமிட்சு எல்.எஸ்.-32 ஆகட்டும், பெயரே இல்லாத சீனச் சரக்காகட்டும், வேலை ஒன்றுதான். தண்டைச் சாய்த்தால் அடியில் இருக்கும் ஆக்சுவேட்டர் ஒரு மைக்ரோஸ்விட்சை அமுக்கும். உள்ளே இரண்டு தகடு தொடும். அதோடு லிவரின் பங்கு முடிந்தது. அதில் சிப் கிடையாது, மென்பொருள் கிடையாது, கணக்குப் போட எதுவும் கிடையாது. தகடு தொட்ட அந்த நொடியே கம்பியின் மறுமுனையில் தெரிந்துவிடும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் சுவரில் இருக்கும் சுவிட்சையா கழற்றி மாற்றுவீர்கள்?

நல்ல லிவருக்கும் மட்டமான லிவருக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பிரிங்கின் இறுக்கம், தண்டு எவ்வளவு சாய்ந்தால் சுவிட்ச் பிடிக்கிறது, விட்டதும் நடுவுக்கு எப்படித் திரும்புகிறது, எத்தனை வருடம் உழைக்கிறது, இவை எல்லாம் மாறும். மட்டமான மைக்ரோஸ்விட்ச் தேய்ந்தால் ஒருமுறை தட்டியது இரண்டாகப் பதியும். இவை கையில் தெரியும் குறைகள். திரையில் ஆள் அரை நொடி கழித்துக் குதிப்பது வேறு வியாதி. அதற்கு ஜப்பானிலிருந்து மருந்து தருவிக்க வேண்டாம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் மல்டிமீட்டர் எடுங்கள். யு.எஸ்.பி.யைக் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை லிவரின் கிரவுண்டு பின்னிலும் (நான்கு சுவிட்சுக்கும் பொதுவானது) இன்னொன்றை மற்ற நான்கிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். சாய்த்தால் ஒலிக்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். நான்கும் சரியென்றால் லிவர் சரி. விவாதம் முடிந்தது.

அப்படியென்றால் லேக் எங்கே? பழைய ஆர்கேட் விளையாட்டுகள் நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடுபவை. ஒரு ஃபிரேம் 16.7 மில்லி நொடி. சந்தையில் 'ஜீரோ டிலே' என்ற பெயரில் விற்கும் மலிவு என்கோடர் போர்டுகள் பெரும்பாலும் லோ-ஸ்பீடு யு.எஸ்.பி. சாதனங்கள். கணினி அவற்றிடம் 'ஏதாவது அழுத்தினார்களா?' என்று கேட்பதே சுமார் 8 மில்லி நொடிக்கு ஒருமுறை. போர்டின் சொந்த மெத்தனம் அதன் மேல் தனி. பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். ஆனாலும் போர்டு தின்பது அதிகம் போனால் ஒன்றிரண்டு ஃபிரேம்தான். டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று உட்கார்ந்தால் பல ஃபிரேமை விழுங்கிவிடும்.

அளந்து பார்க்கலாம். இன்றைக்குப் பல போன்களில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறது. பட்டனும் திரையும் ஒரே காட்சியில் விழும்படி போனை நிறுத்தி, பட்டனைப் பத்து முறை அழுத்திப் படம் பிடியுங்கள். பட்டன் அடியில் தட்டிய ஃபிரேமிலிருந்து திரையில் ஆள் அசையும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4.2 மில்லி நொடி. பத்துக்கும் சராசரி எடுத்துக் குறித்து வையுங்கள். பிறகு டிவியை கேம் மோடில் போட்டு மீண்டும் எடுங்கள். பெரும்பாலானவர்கள் கடைக்கு வர வேண்டிய அவசியம் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது ரெட்ரோஆர்க், பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள். அதில் ரன்-அஹெட் என்று ஒரு வசதி இருக்கிறது. விளையாட்டுக்குள்ளேயே இயல்பாக இருக்கும் தாமதத்தை அது கழித்துவிடும். குருட்டாம்போக்கில் எண்ணைக் கூட்டாதீர்கள், படம் தாவித் தாவி ஓடும். கீபோர்டில் 'பி' தட்டி நிறுத்தி, குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி 'கே' தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். மூன்றாவது ஃபிரேமில் ஆள் அசைந்தால் ரன்-அஹெட்டை 2 என்று வையுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக எண்ண வேண்டும். சோம்பல்படுகிறவர்கள் 1 வைத்துவிட்டுப் போகலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் போர்டை மாற்றத் தோன்றினால் ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு போதும். சில நூறு ரூபாய்தான். ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேரின் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) யு.எஃப்.2 கோப்பை இறக்கிக்கொண்டு, பிக்கோவின் பூட்செல் பட்டனைப் பிடித்தபடி யு.எஸ்.பி. சொருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். கோப்பை அதில் போட்டால் வேலை முடிந்தது. கணினி இப்போது 1 மில்லி நொடிக்கு ஒருமுறை கேட்கும். பிக்கோவுக்கான வழக்கமான அமைப்பில் லிவரின் திசைகளுக்கான பின்கள்: மேல் ஜிபி2, கீழ் ஜிபி3, வலது ஜிபி4, இடது ஜிபி5. இரண்டும் மூன்றும் தெரிந்ததும் நான்கை இடது என்று ஊகித்து சால்டர் வைத்துவிட்டு வருகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். ஸ்டார்ட் பட்டனைப் பிடித்தபடி சொருகினால் பிரவுசரில் 192.168.7.1 என்ற முகவரியில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

வயரிங்கில் ஒரு வித்தியாசம் உண்டு. ஜீரோ டிலே போர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஜோடிக் கம்பி. பிக்கோவில் எல்லாப் பட்டனின் கிரவுண்டையும் ஒரே கம்பியில் மாலையாகக் கோத்து ஒரு கிரவுண்டு பின்னில் கொடுத்தால் போதும். லிவரை மாட்டிய பிறகு நான்கில் ஒரு திசை மட்டும் வேலை செய்தால், ஐந்து கம்பிகளில் கிரவுண்டு தவறான முனையில் போய்விட்டது என்று அர்த்தம். மேலே தள்ளினால் வலதுபுறம் போனால் லிவரை 90 பாகை சுற்றி மாட்டியிருக்கிறீர்கள். ஒன்றும் கெட்டுவிடவில்லை, பதறி எதையும் வெட்டாதீர்கள்.

பட்டன் முனைகளில் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். சன்வா வகைப் பட்டனுக்கு 2.8 மி.மீ. க்விக் டிஸ்கனெக்ட் (சொருகிக் கழற்றும் கனெக்டர்), மைக்ரோஸ்விட்ச் வைத்த அமெரிக்க வகைக்கு 4.8 மி.மீ. இரண்டுமே எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். அளவு சொல்லிக் கேளுங்கள், 'ஆர்கேட் கனெக்டர்' என்று கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார்கள். சால்டர் சூட்டில் பிளாஸ்டிக் இளகி முனை சாய்ந்துவிட்டால் பட்டனைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. மூன்று முனை மைக்ரோஸ்விட்சில் காம் (பொது முனை), என்.ஓ. (அழுத்தினால் இணையும் முனை) இரண்டிலும்தான் கம்பி வர வேண்டும். அழுத்தாதபோது இணைந்திருக்கும் என்.சி.யில் மாட்டினால் யாரும் தொடாமலே பட்டன் அழுத்தியபடி இருக்கும். அதையும் 'போர்டு போச்சு' என்று கொண்டுவருகிறார்கள்.

விளக்கெரியும் பட்டன் வாங்குகிறவர்களிடம் இதைத் திட்டாமல் சொல்ல முயல்கிறேன். அந்தப் பட்டனில் நான்கு முனை. இரண்டு சுவிட்சுக்கு, இரண்டு எல்.இ.டி.க்கு. சந்தையில் வருபவற்றில் பல 12 வோல்ட் எல்.இ.டி. அடாப்டரின் 12 வோல்ட் கம்பியைத் தவறிப்போய் சுவிட்ச் முனையில் மாட்டிவிட்டால், முதல்முறை பட்டனை அழுத்தும்போதே அது போர்டுக்குள் பாயும். பிக்கோவின் பின்கள் தாங்குவது 3.3 வோல்ட், 5 வோல்ட்டே அதற்கு அதிகம். போர்டோடு நிற்காமல் லேப்டாப்பின் யு.எஸ்.பி. போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். தயவுசெய்து 5 வோல்ட் பட்டனாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது எல்.இ.டி.யை மட்டும் 5 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 12 வோல்ட் வராமலிருந்தால் தவறிப்போக ஒன்றுமில்லை. எல்.இ.டி. எரியவில்லையென்றால் திருப்பிச் சொருகிப் பாருங்கள், அதற்கு முனை பேதம் உண்டு.

அடுத்த மூடநம்பிக்கை கேட். 'ரெட்ரோவுக்கு எண்கோண கேட்தான்' என்று யாரோ வீடியோவில் சொல்லிவிட்டார்கள். கேட் தண்டு எதுவரை போகலாம் என்று மறிக்கிறது, அவ்வளவே. சுவிட்ச் எங்கே பிடிக்கும் என்பதை அது மாற்றாது. எண்கோணம் போட்டதால் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஹடோகென் அடி வராது, பழகினால் வரும். உண்மையில் ரெட்ரோவுக்குத் தேவைப்படும் மாற்றம் வேறு. 1980-இன் பேக்-மேனும் 1981-இன் டாங்கி காங்கும் 4 திசை லிவருக்காகச் செய்தவை. அவற்றை 8 திசை லிவரில் ஆடினால் மூலைக்குப் போய் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அமுங்கும், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. அதற்கும் லிவரைத் திட்டுவார்கள். ஜே.எல்.எஃப்.பின் அடியில் இருக்கும் சதுர கேட்டின் உட்தகட்டை 45 பாகை திருப்பிப் போட்டால் மூலைகள் அடைபட்டு 4 திசையாகிவிடும். காசே செலவில்லை. 1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்குப் போகும்போது மறக்காமல் பழையபடி வையுங்கள்.

பட்டன் எண்ணிக்கைக்கும் ஆடப்போவதைப் பார்த்து முடிவெடுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு, நியோ-ஜியோவுக்கு நான்கு. நம் ஊர் கேம் கடைகளில் 'முஸ்தபா' என்றே பெயர் வாங்கிய 1993-இன் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸுக்கு அடி ஒன்று, தாவல் ஒன்று. ஆறும் ஸ்டார்ட்டும் காயினும் இருந்தால் ஏறக்குறைய எல்லாம் ஆடலாம். ஆர்கனாய்டுக்கு மட்டும் எந்த லிவரும் ஆகாது, அது சுழற்றும் குமிழுக்கான விளையாட்டு.

பெட்டியைத் தச்சரிடம் கொடுக்கிறவர்கள் 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையைக் காட்டி 'நல்லா கெட்டியா இருக்கும்' என்கிறார்கள். கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் தண்டு பாதி பலகைக்குள்ளேயே போய்விடும், வெளியே பந்து மட்டும் தலைகாட்டும். லிவர் உட்காரும் இடத்தை அடியிலிருந்து ரவுட்டரால் குடைந்து 5-6 மி.மீ. விட்டு வையுங்கள். அமுக்கி மாட்டும் ஓ.பி.எஸ்.எஃப்.-30 பட்டன் மெல்லிய தகட்டுக்கும் அக்ரிலிக்குக்கும்தான், மரத்தில் பிடிக்காது. மரத்துக்கு மரை உள்ள ஓ.பி.எஸ்.என்.-30 வாங்குங்கள். துளை முக்கிய பட்டனுக்கு 30 மி.மீ., ஸ்டார்ட் வகைக்கு 24. மையத்துக்கு மையம் 36 மி.மீ. விட்டால் விரலும் இடிக்காது, நட்டும் உட்காரும். வெட்டிய விளிம்புக்கு சீலர் அடிக்காத எம்.டி.எஃப். மழைக்காலத்தில் ஊதும்.

இரும்புத் தகடு போட்ட ஸ்டிக்கில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்றும் வருகிறார்கள். கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.சில் (மின்சப்ளைப் பெட்டி) உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள், எர்த் இல்லாத வீட்டில், கேபினட்டைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க வைக்கும். அது யு.எஸ்.பி. கிரவுண்டு வழியாக உங்கள் தகட்டுக்கு வருகிறது. கரண்ட் சொற்பம்தான், ஆனால் எர்த் இல்லை என்பதற்கான அறிவிப்பு அது. வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மூன்றாவது ஓட்டையின் பின்னால் கம்பியே இல்லாத சாக்கெட்டுகள் ஏராளம். ஸ்டிக்கின் மேல் டேப் ஒட்டுவதை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, எண்ணெய். லிவர் கீச்சிட்டால் டபிள்யூ.டி.-40 அடிக்காதீர்கள், மைக்ரோஸ்விட்சுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விட்டவர்களும் இருக்கிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், பெங்களூரில் மார்கழி இரவில் லிவர் களிமண்ணில் நட்டதுபோல நிற்கும். பிளாஸ்டிக்கை அரிக்காத சிலிகான் கிரீஸ், பிவட்டில் பயறளவு, சுவிட்ச் பக்கம் ஒரு துளியும் போகாமல். அதைத் தடவ தண்டைக் கழற்றும்போது அடியில் உள்ள இ-க்ளிப் தெறிக்கும். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு நெம்புங்கள். க்ளிப் தொலைந்துவிட்டால் அதே அளவு க்ளிப் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். அதற்காகவும் புது லிவர் வாங்காதீர்கள்.