மேட்டித் துணியில் முடிச்சு நிற்காது

கிராஸ் ஸ்டிட்ச் என்னும் குறுக்குத் தையல் வேலையை ஃபிரேம் போடக் கொண்டுவருகிறவர்கள் அதை என் மேசைமேல் விரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் முதலில் துணியைத் திருப்பிப் போடுவேன். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. பின்பக்கம் அலங்கோலமாக இருக்கும் என்று சிரித்தபடி கையால் மறைப்பவர்களும் உண்டு. அலங்கோலம் எனக்குப் பொருட்டல்ல. நான் தேடுவது முடிச்சுகளை.

சென்ற ஆண்டு ஓர் அம்மா மயில் ஒன்றைக் கொண்டுவந்தார். எட்டு மாத உழைப்பு. நிறங்கள் கண்ணைப் பறித்தன. திருப்பினால் கடுகு இறைத்ததுபோல் முடிச்சுகள். இறுக்கமாகத்தான் இருக்கின்றன என்று எண்ணி, ஃபிரேமுக்கு முன் வழக்கமாகச் செய்வதுபோல் கை அழுக்குப் போகக் குளிர்ந்த நீரில் முக்கினேன். அது என் தவறு. சற்று நேரத்தில் ஒரு நீல நூல் புழுப்போல மேலே மிதந்து வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் மயிலின் கழுத்தில் பதினொரு தையல்களைக் காணவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. 'முடிச்சுப் போட்டுத் தொடங்கு என்றுதானே துணியும் நூலும் சேர்ந்த கிட்டுடன் வந்த தாளில் அச்சிட்டிருந்தது?' என்று மட்டும் கேட்டார்.

நம் கை முடிச்சுக்குப் பழகிய கை. ரவிக்கைக்குக் கொக்கி தைத்தாலும் சட்டைக்குப் பொத்தான் தைத்தாலும் நூல் நுனியில் ஒரு முடிச்சு. அம்மாவும் பாட்டியும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே அது சரியும்கூட, ஏனென்றால் பாப்ளின் துணி நெருக்கமாக நெய்யப்பட்டது. முடிச்சு அதற்குள் நுழைய முடியாது. கிராஸ் ஸ்டிட்ச் தைக்கும் மேட்டித் துணியின் சங்கதி வேறு. ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஓட்டை. ஊசி எளிதாகப் போய்வர வேண்டும் என்பதற்காகவே விடப்பட்ட ஓட்டை அது. ஊசி போகிற வழியில் முடிச்சும் போகும். இன்றில்லாவிட்டால் துவைக்கும்போது, அல்லது நான் அட்டைமேல் இழுத்துக் கட்டும்போது. அப்படி நழுவாமல் நின்றுவிட்டாலும் தொல்லைதான். துணியை இறுக்கியதும் முன்பக்கத்தில் அது பரு போல மேடிட்டுத் தெரியும்.

இந்த வேலையில் நூலைப் பிடித்துவைப்பது அதன்மேல் ஏறி உட்காரும் தையல்களின் அழுத்தம். தொடங்கும் முறைகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

இரண்டு இழையில் தைப்பவர்களுக்குக் கண்ணி முறையைவிட எளிதானது எனக்குத் தெரிந்து இல்லை. 14 கட்டத் துணியில் பெரும்பாலோர் தைப்பது இரண்டு இழையில்தான். ஆறு இழை நூலிலிருந்து ஒரே ஓர் இழையை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிரித்தெடுங்கள். சரிபாதியாக மடித்து, வெட்டிய இரண்டு நுனிகளையும் சேர்த்து ஊசிக் காதில் கோத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் மடிப்பு ஒரு கண்ணியாக நிற்கும். கட்டத்தின் ஒரு மூலையில் அடியிலிருந்து மேலே குத்தி இழுங்கள், ஆனால் முழுதும் இழுத்துவிடாதீர்கள். கண்ணி அடியிலேயே இரண்டு விரற்கடை தொங்கட்டும். எதிர்மூலையில் ஊசியைக் கீழே இறக்குங்கள். இப்போது துணியைத் திருப்பி, அந்தக் கண்ணிக்குள் ஊசியை நுழைத்து மெதுவாக இழுத்தால் நூல் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் கண்ணி ஓட்டைக்குள் ஏறி முன்பக்கம் எட்டிப் பார்க்கும். கற்கிறவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழுவது அங்கேதான்.

இந்த முறை இரட்டைப்படை இழைகளுக்கு மட்டுமே உதவும். நிறம் மாறி மாறி வரும் சாயநூலுக்கும் வேண்டாம். மடித்தால் ஒரே தையலில் இரண்டு வேறு சாயல்கள் பக்கம் பக்கமாக வந்து நிற்கும்.

ஒன்றோ மூன்றோ இழையில் தைக்கும்போது முடிச்சுப் போடலாம், ஆனால் பிறகு வெட்டி எறிவதற்காக. அது இருக்கவேண்டிய இடம் துணியின் முன்பக்கம். தைத்துக்கொண்டு போகும் திசையிலேயே, தொடங்கும் கட்டத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, மேலிருந்து கீழே குத்துங்கள்; முடிச்சு மேலே உட்கார்ந்திருக்கும். பிறகு தொடக்கக் கட்டத்துக்கு வந்து தைக்க ஆரம்பித்தால், அடியில் ஓடும் நூலைத் தையல்கள் வரிசையாக மூடிக்கொண்டே போகும். முடிச்சை நெருங்கியதும் கத்தரித்துவிடலாம். அதற்குமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நூல் தையல்களுக்கு அடியில் சிக்காமல் ஓரமாக ஒதுங்கியிருந்தால், முடிச்சை வெட்டியதும் எல்லாம் போய்விடும்.

முடிப்பதில் நான் காணும் முதல் குறை கஞ்சத்தனம். கிட்டில் அளந்து கொடுத்த நூல் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில், ஊசியைத் திருப்பக்கூட இடமில்லாத அளவுக்குத் தைத்துவிடுகிறார்கள். பத்து சென்டிமீட்டர் மீதமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். பின்பக்கத்தில் அதே நிறத் தையல்களுக்கு அடியில் ஐந்தாறு தையல் தூரம் ஊசியை நுழைத்து இழுத்து, ஒட்ட நறுக்குங்கள். 'அதே நிறம்' என்று சொன்னது கவனத்தில் இருக்கட்டும். கறுப்பு நூலின் நுனியை வெள்ளைத் தையலுக்கு அடியில் செருகினால் முன்பக்கம் அழுக்குக் கோடுபோல் நிழலாடும். வெள்ளைத் துணியின் வெற்றிடத்துக்குப் பின்னால் அடர்ந்த நிற நூலை இழுத்துச் சென்றாலும் இதே கதிதான். வால் விட்டு நறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அடுத்த தையலின் ஊசி அந்த வாலை முன்பக்கம் இழுத்து வந்து பஞ்சாக நீட்டி வைக்கும்.

ரேயான், ஜரிகை போன்ற வழுக்கும் நூல்களுக்கு ஒரு திசையில் செருகினால் போதாது. ஐந்து தையல் போய், கடைசித் தையலை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே இரண்டு மூன்று தையல் திரும்புங்கள். பசை தடவி ஒட்டிக் கொண்டுவந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பசை காய்ந்து அட்டைபோல் விறைத்த இடத்தில் ஊசி இறங்கவே இல்லை. ஒரே ஒரு தையலைத் திருத்த இடுக்கியால் ஊசியைப் பிடித்து இழுத்தேன்.

முடிச்சில்லாமல் தைப்பது வெளிநாட்டுப் பகட்டு என்று ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. ஆனால் கர்நாடகத்தின் தார்வாடுப் பக்கத்துக் கசூதி என்னும் எம்பிராய்டரி வேலைப்பாட்டில் முடிச்சுப் போடும் வழக்கமே கிடையாது. அதன் நான்கு தையல்களில் ஒன்றான மெந்தி, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே குறுக்குத் தையல்தான். பெயர் வந்தது வெந்தயத்தின் கன்னடப் பெயரிலிருந்து.

இதற்காகப் பின்பக்கமும் முன்பக்கம்போல் மின்ன வேண்டும் என்று மிரட்டுகிறவர்கள் பக்கம் நான் இல்லை. அந்த மிரட்டலுக்குப் பயந்து ஊசியைப் பெட்டியில் போட்டு மூடியவர்களை எனக்குத் தெரியும். வேலை சுவரில் தொங்கப்போகிறது. பின்பக்கத்தைப் பார்ப்பது நானும் பல்லியும்தான். குறுக்கும் நெடுக்கும் நூல் ஓடட்டும், பிடித்திருந்தால் போதும். சோதிக்க வேண்டுமென்றால் நறுக்குவதற்குமுன் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். முன்பக்கத் தையல் அசையக் கூடாது.

ஏற்கெனவே முடிச்சுகளோடு ஒரு வேலையை முடித்து வைத்திருப்பவர்கள் அதை நீரில் நனைக்காதீர்கள், முடிச்சுகளை வெட்டவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைத் தையல்களுக்கு அடியில் செருகிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நுனி ஊசியில் கோக்க முடியாத அளவுக்குக் குட்டையாக இருந்தால், வெறும் ஊசியை முதலில் நான்கைந்து தையலுக்கு அடியில் நுழைத்து, அதன் காது முடிச்சுக்குப் பக்கத்தில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குட்டை நுனியைக் காதில் கோத்து ஊசியை இழுத்தால் நூல் அதன் பின்னாலேயே உள்ளே போய்விடும். மயிலின் மீதி முடிச்சுகளை இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இரண்டு மதியங்கள் ஆயின. கழுத்தின் பதினொரு தையல்களை அவரே கண்ணி முறையில் புதிதாகப் போட்டார்.