மொகுசட்சு: ஒரு சொல்லின் மேல் ஏற்றிய பழி

ஹிரோஷிமாவில் குண்டு போட்டது சரியா தப்பா என்று எங்கே பேச்சு எழுந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "எல்லாம் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையால் வந்த வினை, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்ல வருவது மொகுசட்சு என்ற ஜப்பானியச் சொல்லின் கதையைத்தான். கதை சுவையானது, பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். இரண்டு சீன எழுத்துகள் சேர்ந்த கூட்டுச்சொல் இது. மொகு என்றால் பேசாதிருத்தல், சட்சு என்றால் கொல்லுதல். கொலைக்கு ஜப்பானியத்தில் சட்சுஜின் என்பார்கள், அந்தச் சட்சுவும் இதுவும் ஒன்றே. மௌன அஞ்சலிக்கு மொகுடோ என்று பெயர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமா செலுத்துவது அதைத்தான், ஆக குண்டுக்கு முன் பேசப்பட்ட சொல்லிலும் குண்டுக்குப் பின் நடக்கும் சடங்கிலும் ஒரே எழுத்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 'பேசாமலே கொல்வது' என்று வரும். ஆனால் ஜப்பானியர் யாரும் இதை அப்படிப் பிரித்துப் பார்த்துப் பொருள் கொள்வதில்லை. ஒருவர் ஒரு யோசனையை முன்வைக்கிறார், அதற்குப் பதில் சொல்வதே நமக்கு இழுக்கு என்பதுபோல் விட்டுவிடுகிறோம், அது கவனிப்பாரற்றுச் செத்துப்போகிறது. இதுதான் மொகுசட்சு. வாயைத் திறக்காமல் இருப்பது மட்டுமல்ல, அதில் ஓர் ஏளனமும் உண்டு.

சரி, இது அணுகுண்டோடு எப்படிச் சேர்ந்தது? 1945 ஜூலை 26 அன்று அமெரிக்கா, பிரிட்டன், சீனா மூன்றும் போட்ஸ்டாம் பிரகடனத்தை வெளியிட்டன. ஜப்பானியப் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும், இல்லாவிட்டால் 'உடனடியான, முழுமையான அழிவு' என்பது அதன் கடைசி வரி. அணுகுண்டு பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பேரரசர் தொடர்ந்து இருக்கலாமா கூடாதா என்பதும் இல்லை. அதைச் சேர்க்கலாம் என்று அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் வலியுறுத்தியும் கடைசியில் அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. டோக்கியோவில் வெளியுறவு அமைச்சர் டோகோ, அவசரப்பட்டு எதுவும் சொல்ல வேண்டாம், ஜப்பானோடு அப்போது போரில் இல்லாத மாஸ்கோ மூலம் சமரசம் பேசிப் பார்ப்போம் என்று சகாக்களைப் பிடித்து நிறுத்தினார். செய்தியைக் கொஞ்சம் வெட்டி, கருத்து ஏதும் சொல்லாமல் பத்திரிகைகளில் வர விடுவது என்று முடிவானது. 28ஆம் தேதி காலையில் வந்த நாளேடுகளோ, அரசு இதை மொகுசட்சு செய்யப்போகிறது என்று எழுதிவிட்டன. அன்று மாலை பிரதமர் சுசுகி கந்தாரோ நிருபர்களைச் சந்தித்தார், வயது 77. இது இதே மூன்று நாடுகள் 1943இல் வெளியிட்ட பழைய கெய்ரோ பிரகடனத்தையே திரும்பச் சொல்வது, பெரிய மதிப்பு ஏதும் இருப்பதாக அரசு நினைக்கவில்லை, மொகுசட்சு செய்வோம், போரை இறுதிவரை நடத்துவோம் என்கிற பொருளில் பேசினார்.

ஜப்பானின் தோமேய் செய்தி நிறுவனம் அந்தச் சொல்லை 'பொருட்படுத்தவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அனுப்பியது. மேற்கத்திய நாளேடுகளில் அது 'நிராகரித்தது' ஆகிவிட்டது. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி.

போருக்குப் பிறகு ஒரு வாதம் கிளம்பியது. சுசுகி சொல்ல நினைத்தது 'இப்போதைக்குக் கருத்து சொல்வதற்கில்லை' என்பதைத்தான், மொழிபெயர்த்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று. 1950களிலேயே இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்துவிட்டன, பிறகு அமெரிக்க உளவு அமைப்பு ஒன்றின் உள்ளிதழிலேகூட மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பாடமாக வைத்தார்கள். எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்துப் பார்த்தால் இரு பொருளும் வரலாம்தான், ஆனால் முன்னால் 'மதிப்பில்லை' என்றும் பின்னால் 'இறுதிவரை போர்' என்றும் சொன்ன மனிதர் நடுவில் மட்டும் நடுநிலையாகப் பேசினார் என்றால் எப்படி?

இன்னொன்றும் உண்டு, இதுதான் முக்கியம். குண்டு வீசுவதற்கான உத்தரவு கையெழுத்தானது ஜூலை 25. அதாவது பிரகடனம் வெளியாவதற்கு முந்தைய நாள். ஏறக்குறைய ஆகஸ்ட் 3க்குப் பிறகு, வானிலை தெளிந்ததும் ஹிரோஷிமா, கோகுரா, நீகாட்டா, நாகசாகி இவற்றில் ஒன்றின் மேல் முதல் குண்டைப் போடலாம் என்று அமெரிக்க விமானப்படை ஜெனரல் ஸ்பாட்ஸுக்கு எழுத்தில் போய்விட்டது. அதே நாளில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் நாட்குறிப்பில், எச்சரிக்கை விடுப்போம், அவர்கள் கேட்கமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரியும், ஆனாலும் வாய்ப்புக் கொடுத்ததாக இருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். இலக்கு ராணுவம்தான், பெண்களும் குழந்தைகளும் அல்ல என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. குண்டு விழுந்த காலையில் தீத்தடுப்புக்காக வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலையில் ஹிரோஷிமாவின் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றிருந்தார்கள், பலருக்கு 12, 13 வயது. அவர்களுக்கு மொகுசட்சுவும் தெரியாது, போட்ஸ்டாமும் தெரியாது.

ட்ரூமன் 6ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையில், ஜப்பானிய மக்களை அழிவிலிருந்து காக்கவே இறுதி எச்சரிக்கை விடுத்தோம், அவர்களின் தலைவர்கள் உடனே நிராகரித்துவிட்டார்கள் என்றார். பாருங்கள், நியாயம் முழுக்க அந்த 'நிராகரித்தார்கள்' மேல்தான் நிற்கிறது. கேட்டோம், மறுத்தார்கள், போட்டோம். பிழை என்கிற கதை வந்தபிறகு அது இன்னும் வசதியாகிவிட்டது, இரு தரப்புக்கும். அமெரிக்கத் தரப்புக்கு 'தப்பாகப் புரிந்துகொண்டோம்', ஜப்பானியத் தலைமைக்கு 'தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டோம்'. முடிவெடுத்தவர்கள் எல்லோரும் நழுவிவிட, பெயர் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் தலையில் விடிகிறது. சரியாகவே மொழிபெயர்த்திருந்தாலும் டோக்கியோ உடனே இறங்கி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஹிரோஷிமா அழிந்து, சோவியத் படை மஞ்சூரியாவில் நுழைந்து, நாகசாகிச் செய்தியும் வந்த பிறகுகூட, ஆகஸ்ட் 9 அன்று ஜப்பானின் உச்சப் போர்க்குழுவின் 6 பேர் 3க்கு 3 என்று பிரிந்து நின்றார்கள், பேரரசர் தலையிட வேண்டியிருந்தது. ஜப்பானின் பிடிவாதம் உண்மை. ஆனால் தலைவர்களின் பிடிவாதத்துக்கு ஊரையே எரிக்கலாமா என்ற கேள்விக்கு எந்த அகராதியிலும் பதில் கிடையாது.

இனி தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'நிராகரிப்பு' பொருந்தாது, அது வாய்விட்டு வேண்டாம் என்பது. 'புறக்கணிப்பு' ஓரளவு கிட்டே வருகிறது, ஆனால் இப்போது தேர்தல் புறக்கணிப்பு, கூட்டத்தொடர் புறக்கணிப்பு என்று போராட்ட வாடை ஏறிவிட்டது. வாளாவிருத்தல் அழகான பழஞ்சொல், அதில் மௌனம் இருக்கிறது, ஏளனம் இல்லை. எனக்கு மிக நெருக்கமாகப் படுவது உதாசீனம். வடமொழியில் இதன் வேர்ப்பொருள் ஒதுங்கி உட்கார்ந்திருப்பது, அதாவது நடுநிலை. தமிழுக்கு வந்து அலட்சியமாகிவிட்டது. மொகுசட்சுவைப் பற்றிய சண்டையும் அதே இரண்டு பொருளுக்கு நடுவில்தான். தனித்தமிழ் வேண்டுவோர் 'பொருட்படுத்தாமை' என்று எழுதலாம், பேச்சு நடையில் 'கண்டுகொள்ளாமல் விடுவது'.

ஜூலை 28 நிகழ்வை எழுதும்போது 'ஜப்பான் போட்ஸ்டாம் பிரகடனத்தைப் பொருட்படுத்தப்போவதில்லை என்று சுசுகி சொன்னார்' என்று எழுதினால் போதும். 'நிராகரித்தார்' என்றால் ட்ரூமனின் சொல், 'கருத்துச் சொல்ல மறுத்தார்' என்றால் சுசுகிக்காகப் பின்னாளில் வாதாடியவர்களின் சொல்.