யாமக் காவலரின் கண்ணும் நாழிகை வட்டிலும்

வைகை கடலோடு சேரும் அழகன்குளம் கரையில் குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை. இங்கு 1986-87 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் உரோமானிய நாணயங்களும் கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடு ஒன்றும் கிடைத்தன. கடல்வழியே செல்வம் வந்திறங்கிய இத்தகைய பட்டினத்தைக் காப்பவனுக்கு முதல் இடையூறு, பூமியின் வளைவேயாகும்.

மணலில் நிற்பவனுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 20 மீட்டர் உயரப் பனையின் உச்சியிலிருந்து பார்த்தால் அது 16 கிலோமீட்டருக்கு விலகும். 8 மீட்டர் பாய்மரத்தின் நுனி, கணக்குப்படி, அந்தப் பனையிலிருந்து 26 கிலோமீட்டர் தொலைவிலேயே தலைகாட்ட வேண்டும். ஆனால் கண்ணின் பிரித்தறியும் திறனுக்கும் எல்லை உண்டு என்பதால், 5 மீட்டர் அகலமுள்ள பாய் ஏறத்தாழ 17 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே தனிப் பொருளாகத் தெரியும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கலம் கரை சேர அப்போதும் இரண்டு மணிநேரம் இருக்கும். ஊரை எழுப்ப அது போதும்.

இரவில் நிலைமை வேறு. விழித்திரையின் கூம்புச் செல்கள் மங்கிய ஒளியில் பயன்படுவதில்லை. வேலை முழுவதும் கோல் செல்களுக்கு உரியது. வெளிச்சத்தில் சிதைந்த ரோடாப்சின் என்னும் நிறமி அவற்றில் மீண்டும் சேர 30 நிமிடங்களுக்கு மேலாகும். காவலன் கையிலுள்ள தீப்பந்தத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாலே சேர்ந்ததில் பெரும்பகுதி போய்விடும். பார்வையின் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லாததால், இருட்டில் ஒன்றைக் காண அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்க்க வேண்டும். நம்பாதவர்கள் தனுஷ்கோடியில் நிலவில்லாத இரவில் கார்த்திகை மீன்கூட்டத்தை நேராகவும் ஓரக்கண்ணாலும் மாறிமாறிப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணைவிட விரைவில் தளர்வது கவனம். உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், கடிகாரம் போன்ற முகப்பில் நகரும் ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அது எப்போதாவது வழக்கத்தைவிட அதிகமாகத் தாவுவதை முதல் அரைமணிக்குப் பிறகு தவறவிடுவது கூடியது. மழை பெய்து ஓய்ந்த நள்ளிரவிலும் தெருவில் நீர் ஓட, உறங்காமல் கள்வரைத் தேடித் திரிந்த மதுரைக் காவலரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. முல்லைப்பாட்டின் பாசறையிலோ நீர்க்கடிகையாகிய கன்னலைக் கொண்டு பொழுதை அளந்தறிவித்த ‘பொய்யா மாக்கள்’ வருகின்றனர். நீர்க்கடிகையின் ஒரு வகை, அடியில் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிடுவது. அது நிரம்பி அமிழ்ந்தால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அதை எடுத்து வடித்து மீண்டும் மிதக்கவிட வேண்டியிருப்பதால் அருகிலிருப்பவனின் கையும் மனமும், கவனம் தளரத் தொடங்கும் அந்த அரைமணிக்குள்ளாகவே ஒருமுறை அசைந்துவிடுகின்றன. இது திட்டமிட்ட பொருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொருத்தம் பொருத்தம்தான்.

ஏழரை நாழிகை கொண்டது ஒரு யாமம். யாமம் மாறும்போது விளக்கொளியிலிருந்து நேரே வரும் புதிய காவலனுக்கு முதல் ஒன்றேகால் நாழிகை இருட்டு பிடிபடாது என்பதால், அவன் அவ்வளவு முன்னதாகவே வந்து, பழையவன் இறங்கும் வரை இருளில் உட்கார்ந்திருக்க வேண்டும்.